அத்தியாயம் 6: கரையிறக்கம் – அண்டார்டிகக் கரையில் பயணிகளை வழிநடத்தும் முறை

அண்டார்டிகத் தீபகற்பத்துக்குப் போகும் பயணக் கப்பல்களில் பெரும்பாலானவை அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து கிளம்புகின்றன. ட்ரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிந்துவிடும். ஜென்டூ, சின்ஸ்ட்ராப், அடேலி ஆகிய பெங்குவின்கள் கூடு கட்டுவதும், முட்டையிட்டு அடைகாப்பதும், குஞ்சுகளை வளர்த்துக் கடலுக்கு அனுப்புவதும் இதே மாதங்களில்தான். அந்தக் கண்டத்தில் பனி மூடாத தரை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பெங்குவின் கூடு கட்டுவது அந்தத் தரையில். பாசி வளர்வதும் அங்கேதான். பயணிகளை இறக்க நாம் தேடுவதும் அதே தரையைத்தான். பயணிகளை நிர்வகிக்கும் வேலையின் சிக்கல் எல்லாம் இங்கிருந்து தொடங்குகிறது.

1991-92 பருவத்தில் அண்டார்டிகாவுக்குச் சுற்றுலா வந்தவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் பேர். 2023-24 பருவத்தில் அந்த எண்ணிக்கை 1,20,000-ஐத் தாண்டியது. அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் கப்பலிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். மற்றவர்கள் கரையில் கால் வைக்கிறவர்கள். அத்தனை பேரும் கண்டம் முழுக்கப் பரவி இறங்குவதில்லை. தீபகற்பத்தின் மேற்குக் கரையிலும் தென் ஷெட்லாந்து தீவுகளிலும் உள்ள சில பத்து இடங்களிலேயே திரும்பத் திரும்ப இறங்குகிறார்கள்.

கப்பலில் வழிகாட்டியாக வேலைக்குச் சேருகிறவர்களுக்காகவும், இந்தியாவிலிருந்து குழுக்களை அழைத்துச் செல்லும் பயணத் தலைவர்களுக்காகவும் இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. இதில் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. கரையில் நின்று "அங்கே போகாதீர்கள், இங்கே நிற்காதீர்கள்" என்று கத்துவதால் ஓர் இடம் காப்பாற்றப்படுவதில்லை. எங்கே, எப்போது, எத்தனை பேர், எந்த வழியாக என்பதைப் படகு இறக்குவதற்கு முன்பே முடிவு செய்வதால்தான் காப்பாற்றப்படுகிறது. கரையில் நீங்கள் அதிகம் கண்டிக்க நேர்ந்தால், கப்பலில் ஏதோ ஏற்பாடு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

விதிகள் எங்கிருந்து வருகின்றன

அண்டார்டிகா எந்த நாட்டின் ஆட்சியிலும் இல்லை. 1959-இல் வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிக ஒப்பந்தம் 1961-இல் நடைமுறைக்கு வந்தது. சுற்றுச்சூழலைக் காக்கும் மாட்ரிட் நெறிமுறை 1991-இல் கையெழுத்தாகி 1998-இல் அமலானது. எந்தப் பயணமும் புறப்படும் முன் சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்ய வேண்டும், உறுப்பு நாடு ஒன்றின் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டாயம் இதிலிருந்து வருகிறது.

அதே 1991-இல் ஏழு சுற்றுலா நிறுவனங்கள் சேர்ந்து ஐயாட்டோ என்று அழைக்கப்படும் சர்வதேச அண்டார்டிகச் சுற்றுலா நடத்துநர் சங்கத்தைத் தொடங்கின. அன்றாட வேலையில் நீங்கள் கையாளும் விதிகளில் பெரும்பாலானவை இந்தச் சங்கத்தின் வழியாகவே கப்பலுக்கு வந்து சேருகின்றன. மனப்பாடமாக இருக்க வேண்டியவை நான்கு:

1. 500-க்கு மேல் பயணிகள் உள்ள கப்பல் யாரையும் கரையில் இறக்கக் கூடாது.
2. ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கப்பல் மட்டுமே இறக்கலாம்.
3. ஒரே நேரத்தில் கரையில் 100 பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. குறைவாக நிர்ணயித்திருக்கும் இடங்களில் அந்தக் குறைந்த எண்ணே செல்லும்.
4. இருபது பயணிகளுக்கு ஒரு வழிகாட்டியாவது இருக்க வேண்டும்.

இவற்றோடு, அடிக்கடி இறங்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்குத் தனித்தனி வழிகாட்டுக் குறிப்புகள் உண்டு. எந்தக் கரையில் படகை ஒதுக்கலாம், எந்தப் பகுதி மூடியது, எங்கே வழிகாட்டியோடு மட்டும் நடக்கலாம் என்று வரைபடத்தோடு அதில் இருக்கும். பல இடங்களில் இரவு 10 மணி முதல் காலை 4 மணி வரை யாரும் இறங்கக் கூடாது. கோடையில் அங்கே சூரியன் சரியாக மறைவதில்லை. விட்டால் இருபத்து நான்கு மணி நேரமும் கப்பல் மாற்றிக் கப்பல் வரும். அந்த ஆறு மணி நேரம் பறவைகளுக்கான ஓய்வு.

இந்தியாவிலிருந்து சொந்தமாகப் பயணம் ஏற்பாடு செய்கிறவர்கள் இந்திய அண்டார்டிகச் சட்டம், 2022 சொல்லும் அனுமதி முறையையும் படித்துக்கொள்ள வேண்டும்.

இடமும் நேரமும்

எந்தக் கப்பல் எந்த நாளில் எந்த இடத்தில் நிற்கும் என்பதைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே ஐயாட்டோவின் பொது அட்டவணையில் பதிவு செய்வார்கள். வானிலை மாறினால் கப்பல்கள் ரேடியோவில் பேசி இடத்தை மாற்றிக்கொள்ளும். பயணத் தலைவராக இந்த அட்டவணையைப் பார்க்கும்போது, இடம் காலியா என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த வாரம் அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும் என்பதையும் கேளுங்கள்.

நவம்பர் கடைசியில் ஜென்டூ பெங்குவின்கள் கூழாங்கல் கூட்டில் இரண்டு முட்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தாயோ தகப்பனோ எழுந்துவிட்டால் முட்டை குளிர்ந்துபோகும். அல்லது மேலே வட்டமிடும் ஸ்குவா பறவை கொத்திக்கொண்டு போகும். ஜனவரியில் குஞ்சுகள் கூடியிருக்கும். பெற்றோர் கடலுக்கும் கூட்டுக்கும் இடையே இரை சுமந்து நடந்துகொண்டே இருக்கும். பிப்ரவரி கடைசியில் வளர்ந்த பறவைகள் இறகு உதிர்க்கத் தொடங்கும். இரண்டு மூன்று வாரம் அவை தண்ணீருக்குள் இறங்க முடியாது. எனவே சாப்பாடும் கிடையாது. உடம்பில் சேர்த்த கொழுப்பில்தான் உயிர் தரிக்கும். கரையோரம் அசையாமல் நிற்கும் அந்தப் பறவை 'சாதுவாகப் போஸ் கொடுக்கிறது' என்று பயணிகள் நினைப்பார்கள். அதைப் பத்தடி நகரவைத்தால்கூட, திரும்பச் சம்பாதிக்க முடியாத சக்தியை அதனிடமிருந்து நாம் எடுத்துவிடுகிறோம். எனவே ஒரே கரைக்கு நவம்பரில் ஒரு நடைபாதை, பிப்ரவரியில் வேறொன்று என்று மாற்றிப் போட வேண்டியிருக்கும். சென்ற மாதம் வந்த வழியிலேயே இந்த மாதமும் போகலாம் என்று முடிவுகட்டாதீர்கள்.

கப்பலிலேயே தொடங்கும் காவல்

சர்வதேச துருவ ஆண்டையொட்டி 2007-08 பருவத்தில் அண்டார்டிகா வந்தவர்களின் உடை, காலணி, பைகளை ஆராய்ந்தவர்கள், ஆளுக்குச் சராசரியாக ஒன்பதுக்கும் மேற்பட்ட விதைகள் ஒட்டிக்கொண்டு வந்திருப்பதைக் கண்டார்கள். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. நம் ஊர்களின் மலைப்பகுதிகளிலும் தலைகாட்டும் போவா அன்னுவா என்ற சாதாரணப் புல், ஜார்ஜ் மன்னர் தீவில் போலந்து ஆய்வு நிலையத்தைச் சுற்றி ஏற்கெனவே வேர் பிடித்துவிட்டது.

அதனால் முதல் கரையிறக்கத்துக்கு முன், ட்ரேக் நீரிணையில் கப்பல் ஆடிக்கொண்டிருக்கும்போதே, எல்லாப் பயணிகளையும் தளம் தளமாகக் கூப்பிட்டுப் பொருள்களைச் சோதிக்க வேண்டும். சோதனை அறையில் வாக்குவம் கிளீனர், சிறு தூரிகை, இடுக்கி, குண்டூசி எல்லாம் இருக்கட்டும். எங்கே தேடுவது என்று தெரிந்தால்தான் பயன் உண்டு:

• மேலங்கியின் வெல்க்ரோ பட்டை. ஊரில் மலையேறப் போன அங்கி என்றால் இதில் புல்விதை சிக்கியிருப்பது ஏறக்குறைய உறுதி.
• பாக்கெட்டின் அடி மடிப்பு. கைக்குட்டை எடுக்கும்போது விதை கீழே விழும்.
• பூட்ஸின் அடிப்பள்ளம், நாடாத் துளைகள்.
• கேமரா முக்காலியின் கால் முனை, கைத்தடியின் கூர்முனை, அதைச் சுற்றியுள்ள வளையம்.
• முதுகுப்பையின் அடிப்பாகம், ஜிப் ஓரத் தையல்.

சோதித்து முடித்த பொருளுக்குப் பயணியிடமே கையெழுத்து வாங்குங்கள். தன் கையால் வெல்க்ரோவிலிருந்து ஒரு விதையை இடுக்கியில் எடுத்துப் பார்த்தவருக்கு அதன் பிறகு விளக்கம் தேவைப்படாது.

பறவைக் காய்ச்சல் வந்த பிறகு இந்த வேலைக்கு இன்னும் கனம் கூடியிருக்கிறது. அதிக நோயுண்டாக்கும் திறன் உள்ள எச்5என்1 வைரஸ் 2023 அக்டோபரில் தென் ஜார்ஜியா தீவை எட்டியது. 2024 பிப்ரவரியில் அண்டார்டிகத் தீபகற்பத்தில் ஸ்குவா பறவைகளில் உறுதியானது. இந்தத் தொற்றின் காரணமாகக் கரையில் யாரும் உட்காரவோ, மண்டியிடவோ, படுத்துப் படமெடுக்கவோ, பையைத் தரையில் வைக்கவோ கூடாது. தரையில் படுவது பூட்ஸின் அடி மட்டுமாக இருக்க வேண்டும். கப்பலை விட்டு இறங்கும்போதும் திரும்பி ஏறும்போதும் பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவ வேண்டும். எச்சம் அப்பிய பூட்ஸை முதலில் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மருந்துத் தொட்டியில் வைக்க வேண்டும். அழுக்கோடு நனைத்தால் மருந்து வேலை செய்யாது.

முன்னோட்டக் குழு

பயணிகளின் முதல் படகுக்கு அரை மணி நேரத்துக்கு முன்பாவது வழிகாட்டிகளின் படகு கரைக்குப் போக வேண்டும். அவர்கள் இறங்கி முதலில் செய்ய வேண்டியது நின்று பார்ப்பது. கடலிலிருந்து பெங்குவின்கள் எந்த இடத்தில் கரையேறுகின்றன, பனியில் அவை தேய்த்து வைத்திருக்கும் பாதைகள் எங்கே போகின்றன, கூட்டங்களின் ஓரம் எது, பாறை மறைவில் சீல் படுத்திருக்கிறதா, இறந்தோ நோயுற்றோ பறவைகள் கிடக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். நோயின் அறிகுறி தெரிந்தால் கரையிறக்கம் அங்கேயே ரத்து.

அதன் பிறகு கொடிக் கம்புகள் நட்டு நடைபாதையை அமைக்க வேண்டும். பாதை பெங்குவின் வழியைக் குறுக்கே வெட்டுமானால் அந்த ஒரே இடத்தில் ஒரு வழிகாட்டி நிற்க வேண்டும். பெங்குவினுக்கே முன்னுரிமை. மனிதர்கள் வழியை மறித்து நிற்கும்போது பெங்குவின் ஓடுவதில்லை, நின்றுவிடும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்க்கும். அது நம்மை ரசிக்கிறது என்று பயணிகள் நினைத்துக்கொள்வார்கள். கூட்டில் பசியோடு காத்திருக்கும் குஞ்சுக்குப் போக வேண்டிய இரையை வயிற்றில் வைத்துக்கொண்டு அது வழி விடக் கேட்டு நிற்கிறது. இதை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். பயணிகள் தாங்களாகவே பின்வாங்குவார்கள்.

முன்னோட்டக் குழுவின் படகில் அவசரப் பொருள்களும் ஏறியிருக்க வேண்டும்: கூடாரம், போர்வை, குடிநீர், முதலுதவிப் பெட்டி. காற்று திடீரென்று எழுந்தால் பயணிகளைக் கப்பலுக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகலாம். நெக்கோ துறை போன்ற இடங்களில் எதிரே உள்ள பனியாறு உடைந்து விழும்போது கரையை நோக்கிப் பேரலை வரும். அங்கே மக்கள் நிற்கும் இடம் மேட்டில் இருக்க வேண்டும். படகேறும் நேரம் தவிர நீரோரத்தில் யாரும் தங்கக் கூடாது.

எண்ணிக்கைக் கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். கப்பலில் 180 பயணிகள். கரையில் 100 பேருக்கு மேல் கூடாது என்பதால் 90, 90 என்று இரண்டாகப் பிரிக்கிறோம். முதல் பாதி கரையில் இருக்கும்போது இரண்டாம் பாதி ரப்பர் படகுகளில் பனிப்பாறைகளுக்கிடையே சுற்றி வரும். ஒன்றேகால் மணி நேரம் கழித்து மாறும். கல்யாணப் பந்தி மாதிரிதான்: முதல் பந்தி எழுந்த பிறகே அடுத்தது உட்கார வேண்டும், இரண்டும் கலந்தால் எல்லாம் குழம்பிவிடும். படகுக்குப் பத்துப் பேர் என்றால் சுற்றிவரும் பாதிக்கு ஒன்பது படகு. கரையில் 90 பேருக்கு, இருபதுக்கு ஒருவர் என்ற கணக்கில், குறைந்தது ஐந்து வழிகாட்டிகள். விதி சொல்லும் குறைந்தபட்சம் அது. பாதைக் குறுக்கீட்டில் ஒருவர், படகு ஒதுங்கும் இடத்தில் ஒருவர், நடைபாதையின் கடைசியில் ஒருவர் என்று நிறுத்தினால் எட்டுப் பேர் இல்லாமல் நன்றாகச் செய்ய முடியாது.

யார் இறங்கினார், யார் திரும்பினார் என்பதைக் கப்பலின் வாசலில் ஒவ்வொருவரின் அட்டையையும் பதிந்து சரிபார்க்க வேண்டும். கரையில் தலை எண்ணுவதை மட்டும் நம்பாதீர்கள். எல்லோரும் ஒரே நிற அங்கியில் இருப்பார்கள்.

கரையில் சாப்பாடு கிடையாது, கழிப்பறை கிடையாது, புகை கிடையாது. இந்த மூன்றையும் முதல் நாள் கூட்டத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வயதானவர்கள் கழிப்பறைக்காகக் கப்பலுக்குத் திரும்ப வேண்டுமென்றால் கூச்சமில்லாமல் சொல்லலாம், உடனே படகு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாக்கி டாக்கியில் ஒரு வார்த்தை போதும். தடை விதிக்கிறவரிடம் மாற்று வழியும் இருக்க வேண்டும்.

கரையில் நிற்கும் முறை

பெங்குவினுக்கும் மற்றப் பறவைகளுக்கும் குறைந்தது 5 மீட்டர். ஃபர் சீல்களுக்கு 15 மீட்டர். ராட்சதப் பெட்ரல் பறவைகள் கூடு கட்டும் இடங்களில் இதைவிட வெகு தூரம் தள்ளி நிற்க வேண்டும். 5 மீட்டர் என்பது தொடக்க எண். பறவையின் நடத்தைதான் கடைசித் தீர்ப்பு. கூட்டில் இருக்கும் பறவை கழுத்தை நீட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தால், சிறகை அடித்தால், முட்டையை விட்டு எழுந்தால், நீங்கள் பத்து மீட்டரில் நின்றாலும் அது அதிக நெருக்கம்தான். மெல்லப் பின்வாங்குங்கள். சட்டென்று திரும்பி ஓடினால் இன்னும் பதறும்.

ஆழமான பனியில் நடக்கும்போது பயணிகளின் கால் தொடை வரை புதைந்து குழி விழும். அந்தக் குழிகளை அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது. பின்னால் வரும் பெங்குவின் அதில் விழுந்தால் ஏற முடியாமல் சிக்கிக்கொள்ளும். கடைசிப் பயணி கடந்த பிறகு, பாதையின் கடைசியில் நிற்கும் வழிகாட்டி ஒவ்வொரு குழியையும் பனியால் மூடி, காலால் மிதித்துச் சமப்படுத்திக்கொண்டே வர வேண்டும். முதுகு வலிக்கும் வேலை. ஆனாலும் இதைச் செய்யாமல் கரையை விட்டுக் கிளம்புகிறவரை நல்ல வழிகாட்டி என்று நான் சொல்ல மாட்டேன்.

தனிப்பட்ட ட்ரோன்களுக்குக் கடற்கரைப் பகுதியில் இடமில்லை. கேமராவுக்குள் மூழ்கிவிட்டவர்களைக் கையாளத் தனிப் பொறுமை வேண்டும். நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் படம் எடுக்கும் ஆசையில் பெங்குவின் பாதையில் நின்றுகொண்டிருந்தால், தோளைத் தொட்டு இழுக்காதீர்கள். பக்கத்தில் போய், "ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. அது குஞ்சுக்குத் தீனி கொண்டு போகுது, நாம வழியில நிக்கிறோம். இங்கிருந்து பாருங்க, குஞ்சு வாயைத் திறக்கிறதும் சேர்ந்து தெரியும்" என்று சொல்லுங்கள். நகர்வதற்குக் காரணமும் தெரியும், நகர்ந்தால் கிடைப்பதும் தெரியும்; கோபப்பட எதுவும் இருக்காது.

பாசியும் பழைய சின்னங்களும்

பெங்குவினைப் பார்க்கும் கண்கள் காலடியைப் பார்ப்பதில்லை. அண்டார்டிகப் பாசி ஆண்டுக்கு ஒரு சில மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ஒரு பூட்ஸ் தடம் அதில் பதிந்தால் பல ஆண்டுகள் அழியாது. பாரியன்டோஸ் தீவில் இதைக் கண்ணால் காண முடிந்தது. தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்துபோகும் வழியில் பாசிப் படுகை மிதிபட்டுச் சிதைந்தது. 2012-இல் ஒப்பந்த நாடுகள் அந்த இடத்துக்கான குறிப்பைத் திருத்தி, தீவின் நடுப்பகுதி வழியை மூடின. அங்கே இறங்கிய ஒவ்வொரு குழுவும் தனித்தனியே கவனமாகத்தான் நடந்திருக்கும். சிறிய சிறிய தடங்கள் ஒரே கோட்டில் சேர்ந்ததுதான் சேதம். எனவே பாசி உள்ள இடத்தில் 'பார்த்துக் கால் வையுங்கள்' என்பது போதாது. அந்தப் பகுதியைப் பாதையிலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

டிசெப்ஷன் தீவின் திமிங்கில வேட்டைக்காரர் விரிகுடாவில் 1912 முதல் 1931 வரை நடந்த எண்ணெய் ஆலையின் கொதிகலன்களும் தொட்டிகளும் துருப்பிடித்து நிற்கின்றன. 1969 எரிமலை வெடிப்பின் சேற்றில் அங்கிருந்த பிரிட்டிஷ் நிலையம் சிதைந்தது. ஆணியோ மரத்துண்டோ எலும்போ எதையும் எடுக்கக் கூடாது. கட்டடங்களுக்குள் நுழையக் கூடாது. போர்ட் லாக்ராயில் 1944-இல் எழுந்த பிரிட்டிஷ் நிலையம் இப்போது அருங்காட்சியகமாகவும் தபால் நிலையமாகவும் இயங்குகிறது. அந்தச் சின்னஞ்சிறு தீவுக்கு ஒரு நாளில் 350 பேர் வரைதான் அனுமதி. தீவின் ஒரு பகுதி பெங்குவின்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. மனிதர் போகும் பகுதியையும் போகாத பகுதியையும் ஒப்பிட்டு ஆண்டுதோறும் கூடுகளையும் குஞ்சுகளையும் எண்ணுகிறார்கள். பயணிகளின் வருகையையே ஆய்வுக்குப் பயன்படுத்தும் இந்த ஏற்பாட்டைக் கப்பலில் விளக்கிச் சொன்னால், கயிற்றுக்கு அப்பால் ஏன் போகக் கூடாது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கடலில்

கூனல் திமிங்கிலங்கள் இரை தேடும் இடங்களில் கப்பலின் வேகத்தை 10 நாட் அளவுக்குக் குறைப்பது ஐயாட்டோ நடைமுறை. ரப்பர் படகை ஓட்டும்போது திமிங்கிலத்தின் முன்னால் குறுக்கே போகாமலும் பின்னாலிருந்து துரத்தாமலும் பக்கவாட்டில் இணையாக மெல்லச் செல்லுங்கள். பல படகுகள் சேர்ந்து வளைத்துக்கொள்ளக் கூடாது. அது தானாக அருகே வந்தால் எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காத்திருங்கள்.

எரிபொருள்தான் மிகப் பெரிய ஆபத்து. 1989 ஜனவரியில் பாய்யா பரைசோ என்ற அர்ஜென்டினக் கப்பல் பால்மர் நிலையத்தின் அருகே பாறையில் மோதி, சுமார் ஆறு லட்சம் லிட்டர் எரிபொருளைக் கொட்டியது. 2007 நவம்பரில் எக்ஸ்ப்ளோரர் என்ற பயணக் கப்பல் தென் ஷெட்லாந்து அருகே பனியில் மோதி மூழ்கியது. அருகே வேறு கப்பல்கள் இருந்ததால் 154 பேரும் உயிர் பிழைத்தார்கள். 2011 ஆகஸ்ட் முதல் அண்டார்டிகக் கடலில் கனமான எரிஎண்ணெய்க்குத் தடை. 2017 முதல் துருவக் கடலில் செல்லும் கப்பல்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பு அமலில் இருக்கிறது.

புகையையும் மறைக்க வேண்டாம். கப்பல் புகையிலிருந்து வரும் கரித்துகள் பனியின் மேல் படிந்து அதைக் கருக்கும். கருத்த பனி வெயிலை உறிஞ்சி வேகமாக உருகும். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒவ்வொரு பயணியும் வருவதால் சுமார் 83 டன் பனி முன்கூட்டியே உருகுவதாக மதிப்பிட்டது. கரையில் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் இந்தக் கணக்கு குறையாது. வேகத்தைக் குறைப்பது, பயணத் தூரத்தைச் சுருக்குவது, தேவையில்லாமல் கப்பலை இங்குமங்கும் ஓட்டாமல் ஓர் இடத்திலேயே அதிக நேரம் தங்குவது ஆகியவைதான் குறைக்கும். பயணத் திட்டத்தில் இடங்களின் பட்டியல் நீளமாக இருப்பதைப் பெருமையாக விளம்பரம் செய்யும் வழக்கத்தை நம் முகவர்கள் கைவிட வேண்டும்.

மக்கள் வாழும் கரைகள்

வட துருவப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2025 ஜனவரி முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கப்பலுக்கு 200 பயணிகள் வரைதான் அனுமதி. குறிப்பிட்ட 43 இடங்களில் மட்டுமே இறங்கலாம். துருவக் கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் கடைசி வரை 500 மீட்டர். அண்டார்டிகாவில் சங்கம் வகுக்கும் இத்தகைய வரம்புகள் அங்கே அரசின் சட்டமாகவே இருக்கின்றன.

இரண்டாவது, ஊர்கள். கிழக்கு கிரீன்லாந்தின் இட்டொக்கொர்டூர்மீட் கிராமத்தில் சில நூறு பேர்தான் வாழ்கிறார்கள். 200 பேர் கொண்ட கப்பல் வந்து நின்றால் ஊரின் பாதி அளவுக்குக் கூட்டம் ஒரே நேரத்தில் தெருவில் இறங்குகிறது. எனவே முன்கூட்டியே ஊராருக்குத் தகவல் சொல்லி, அவர்கள் ஒப்புக்கொண்ட நேரத்துக்கு, சிறு குழுக்களாகப் போக வேண்டும். வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பது, கேட்காமல் குழந்தைகளைப் படமெடுப்பது, கட்டியிருக்கும் சவாரி நாய்களைத் தொடுவது கூடாது. கைவினைப் பொருள்களை உள்ளூரில் வாங்குங்கள். உள்ளூர் வழிகாட்டிக்கு உரிய கூலி கொடுங்கள். அந்த ஊர்க் கடையின் மளிகைச் சரக்கை வாங்கிக் காலி செய்துவிடாதீர்கள். அடுத்த சரக்குக் கப்பல் வர மாதக் கணக்கில் ஆகும்.

இறக்காமல் திரும்புவது

இந்த வேலையில் கற்றுக்கொள்ளக் கடினமானது இதுதான். பயணிகள் ஆயுள் சேமிப்பைச் செலவழித்து வந்திருப்பார்கள். வாசலில் பூட்ஸ் போட்டு வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்தில் முன்னோட்டக் குழு கரையில் இரண்டு ஸ்குவாக்கள் இறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லும். அல்லது படகு ஒதுங்கும் கரை முழுவதும் ஃபர் சீல்கள் படுத்திருக்கும். பதினைந்து மீட்டர் இடைவெளி விட்டு நடக்க வழியே இருக்காது. 'கொஞ்சம் ஒதுங்கி ஒதுங்கிப் போய்விடலாம்' என்று யோசனை வரும். போகக் கூடாது.

ரத்து செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை முதல் நாளே பயணிகளிடம் அறிவித்துவிடுங்கள். அந்த அதிகாரம் பயணத் தலைவரிடம் இருக்கட்டும். கரையில் நிற்கும் எந்த வழிகாட்டியும் "நிறுத்துங்கள்" என்று சொன்னால் தலைவர் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்க வேண்டும்: அதே விரிகுடாவில் படகுச் சுற்று, கப்பல் மேல்தளத்தில் பறவை அறிஞரோடு ஒரு மணி நேரம், அட்டவணையில் காலியாக உள்ள அடுத்த இடம். ஒலிபெருக்கியில் ரத்து என்று மட்டும் அறிவிக்காதீர்கள். பயணிகளை ஒன்றாகக் கூட்டி, முன்னோட்டக் குழு எடுத்த படத்தைத் திரையில் காட்டி, என்ன கண்டோம் என்று விளக்குங்கள். என்ன பாதுகாக்கப்பட்டது என்று தெரிந்தால் ஏமாற்றம் பொறுக்கக்கூடியதாக மாறும்.

கப்பல் திரும்பிய பின்

ஒவ்வொரு கரையிறக்கத்துக்கும் வருகைக்குப் பிந்தைய அறிக்கைப் படிவம் உண்டு. எத்தனை பேர், எந்த நேரம், எந்த இடம் என்ற எண்கள் அதில் கட்டாயம். குறிப்புக்கென்று விட்ட பகுதியை வெறுமையாக விடாதீர்கள். பாசியில் புதுத் தடம், சென்ற முறை இல்லாத புல், பாதையை விட்டு விலகிச் சென்ற பெங்குவின் கூட்டம், நோயுற்ற பறவை ஆகியவற்றை இடத்தோடும் படத்தோடும் எழுதுங்கள். இரவு பத்து மணிக்குச் சோர்ந்து உட்கார்ந்து எழுதும் வேலைதான். ஆனாலும் ஓர் இடத்தின் விதியைத் திருத்தவோ அதை மூடவோ முடிவெடுக்கிறவர்களுக்குக் கிடைக்கும் ஆதாரங்களில் இதுவும் ஒன்று.

எந்தக் கப்பலும் தனியாக விதியை மீறாவிட்டாலும், எல்லாக் கப்பல்களும் சேர்ந்து ஓர் இடத்துக்குப் பாரமாகலாம். ஒரு கரைக்கு நூறு பேர் என்ற வரம்பு இருக்கிறது. பருவம் முழுவதுக்கும் இத்தனை பேர்தான் என்ற மொத்த வரம்பு இன்னும் இல்லை. 2024 மே மாதம் கொச்சியில் இந்தியா நடத்திய 46-ஆவது அண்டார்டிக ஒப்பந்த ஆலோசனைக் கூட்டத்தில், சுற்றுலாவுக்கென்று ஒரு முழுமையான ஒழுங்குமுறையை உருவாக்கும் பேச்சு தனிக் குழுவில் தொடங்கியது. மொத்த எண்ணிக்கைக்கு ஒரு கட்டுப்பாடு வர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வேலைவாய்ப்பு குறையும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கெட்டுப்போன கரைக்கு எந்தப் பயணியும் வரப்போவதில்லை.

ஒவ்வொரு கரையிறக்கத்துக்கும் முன் கேட்க வேண்டியவை

• இந்த இடத்தின் குறிப்பை இன்று ஒருமுறை படித்தேனா?
• அட்டவணையில் இந்த நேரம் நம்முடையதா? ஓய்வு நேரத்துக்குள் போய்விடாதா?
• பறவைகள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கின்றன: முட்டையா, குஞ்சா, இறகு உதிர்வா?
• எல்லாப் பயணிகளின் உடையும் பொருளும் சோதிக்கப்பட்டனவா? மருந்துத் தொட்டி தயாரா?
• முன்னோட்டக் குழு சம்மதம் சொன்னதா?
• எத்தனை வழிகாட்டிகள், யார் எங்கே நிற்கிறார்கள்?
• அவசரப் பொருள்கள் கரையில் இறங்கிவிட்டனவா?
• மாற்றுத் திட்டம் என்ன?
• பனிக் குழிகளை மூடுவது யார் பொறுப்பு?
• அறிக்கையை யார் எழுதுவார்?

இவற்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் படகை இறக்காதீர்கள். பதில் கிடைக்கும் வரை பயணிகள் கப்பலில் காத்திருக்கட்டும்.